நான்கு லட்சம் வீடுகளுக்கு இடம் தேடிய நகரம்

ஒரு நகரத்தில் முப்பது ஆண்டு கழித்து எத்தனை பேர் குடியிருப்பார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஆனாலும் கழிவுநீர்க் குழாயை இன்றைக்கே பதித்தாக வேண்டும். பதித்த குழாய் பல தலைமுறைக்கு மண்ணுக்குள் கிடக்கும். விட்டம் போதாமல் போனால் அதே தெருவை மறுபடி தோண்ட வேண்டியிருக்கும். தேவைக்கு மேல் பெரிதாகிவிட்டால், இன்னும் வந்து சேராத மக்களுக்காக இருக்கிறவர்கள் வரி கட்ட வேண்டியிருக்கும். உள்ளாட்சி மன்றங்கள் வளர்ச்சித் திட்டம் வரைய உட்காரும்போதெல்லாம் இந்தச் சிக்கல்தான் முதலில் வந்து நிற்கிறது. அண்மைக் காலத்தில் இதை மிக வெளிப்படையாகவும், எண்களை மேசையில் போட்டுச் சண்டையிட்டும் எதிர்கொண்ட நகரம் நியூசிலாந்தின் ஆக்லாந்து. அங்கே செய்தது எது, பலித்தது எது, தவறியது எது என்பதற்கெல்லாம் ஓரளவு கணக்கு இருக்கிறது.

ஆக்லாந்து இயற்கையே எல்லை போட்டுவிட்ட ஊர். வடக்கே வைடெமாட்டா துறைமுகம், தென்மேற்கே மனுகாவ் துறைமுகம், இரண்டுக்கும் நடுவே ஒடுங்கிய நிலப்பகுதி. அந்த நிலத்தில் ஐம்பதுக்கு மேற்பட்ட எரிமலைக் குன்றுகளும் பள்ளங்களும் சிதறிக் கிடக்கின்றன. இப்படிப்பட்ட ஊரில்தான் கால் ஏக்கர் மனையும் ஒற்றை மாடி மரவீடும் ஒவ்வொரு குடும்பத்தின் உரிமை என்ற எண்ணம் இருபதாம் நூற்றாண்டு முழுக்க வேரூன்றியிருந்தது. கால் ஏக்கர் என்றால் ஆயிரத்துச் சொச்சம் சதுர மீட்டர். ஊர் பக்கவாட்டில் பரவிக்கொண்டே போனதில் வியப்பில்லை.

2010 நவம்பர் 1 அன்று, அதுவரை தனித்தனியாக இயங்கிய ஏழு மாநகர, மாவட்ட மன்றங்களும் ஒரு வட்டார மன்றமும் கலைக்கப்பட்டு, ஒரே ஆக்லாந்து மன்றம் உருவானது. அதை உருவாக்கிய சட்டமே அதற்கு ஒரு வேலையையும் கொடுத்தது: நகரத்தின் அடுத்த இருபது, முப்பது ஆண்டு வளர்ச்சி எங்கே, எப்படி, எந்த வரிசையில் நடக்கும் என்று நிலத்தோடு பொருத்தி ஒரு திட்டம் எழுத வேண்டும். 2012இல் அந்தத் திட்டம் ஏற்கப்பட்டது. முப்பது ஆண்டில் இன்னும் பத்து லட்சம் பேர், அவர்களுக்கு நான்கு லட்சம் வீடுகள் என்று அது கணக்கு வைத்தது.

இலக்கை எழுதுவது ஒரு வேலை. அந்த இலக்கை ஒவ்வொரு மனைக்கும் பொருந்தும் விதியாக மாற்றுவது வேறு வேலை. முன்னதற்கு ஆக்லாந்துத் திட்டம் என்று பெயர். பின்னதற்கு ஒருங்கிணைந்த திட்டம் என்று பெயர். பழைய மன்றங்கள் விட்டுச் சென்ற விதித் தொகுப்புகளையெல்லாம் நீக்கிவிட்டு எழுதியது அது. முன்னதைப் பலரும் படித்துவிட்டுத் தலையாட்டினார்கள். ஊரைப் பிளந்தது பின்னது.

பத்து லட்சம் என்ற எண் எங்கிருந்து வந்தது? மக்கள்தொகையைக் கணிக்கும் முறை எளிமையானது. இன்றைய மக்களை வயதுவாரியாகப் பிரித்துக்கொள்வார்கள். ஒவ்வொரு ஆண்டும் எல்லோரையும் ஒரு வயது மேலே நகர்த்துவார்கள். வயதுக்கேற்ற இறப்பைக் கழிப்பார்கள். பிள்ளை பெறும் வயதுப் பெண்களின் எண்ணிக்கையைக் கொண்டு பிறப்பைக் கூட்டுவார்கள். வந்தவர்களைச் சேர்த்துப் போனவர்களைக் கழிப்பார்கள். பிறப்பும் இறப்பும் மெதுவாக மாறுபவை. அவற்றைக் கணிப்பதில் பெரும்பிழை வராது. குடிபெயர்வு அப்படியல்ல. அரசு விசா விதியை மாற்றினால், பக்கத்து ஆஸ்திரேலியாவில் சம்பளம் ஏறினால், ஒரு பெருந்தொற்று வந்து எல்லையை மூடினால் எண் தலைகீழாகும். கோவிட் காலத்தில், 2021 ஜூனோடு முடிந்த ஆண்டில், ஆக்லாந்தின் மக்கள்தொகை சற்றே குறைந்தது. அதுவரை ஏறுமுகத்தையே பார்த்திருந்த ஊர் அது. அடுத்த இரண்டே ஆண்டில் நியூசிலாந்துக்கு வந்து குவிந்தவர்கள் எண்ணிக்கை அதன் வரலாற்றின் உச்சத்தைத் தொட்டது.

அதனால்தான் கணிப்பாளர்கள் ஒற்றை எண்ணைத் தருவதில்லை. தாழ்வு, நடு, உயர்வு என்று ஒரு விரிவைத் தருகிறார்கள். அதில் எதை எடுப்பது என்பது அரசியல் முடிவு. 2012இல் மன்றம் உயர்வுக் கணிப்பை எடுத்தது. 2018இல் திட்டத்தைத் திருத்தியபோது முப்பது ஆண்டில் 7,20,000 பேர் என்றது. 2023இல் ஏற்ற வளர்ச்சி உத்தியில் அது ஏறத்தாழ 5,20,000 ஆகச் சுருங்கியது. பதினோரு ஆண்டில் எண் பாதியாகிவிட்டதைப் பார்த்துத் திட்டமிடலே வீண் என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. எண் எந்தப் பக்கம் ஆடினாலும் தாங்கக்கூடிய விதிகளை எழுதினார்களா என்பதுதான் கேள்வி. இடம் கூடுதலாக அனுமதித்துவிட்டு மக்கள் வராவிட்டால், கட்டப்படாத மாடிகளால் நட்டம் பெரிதில்லை. இடம் குறைவாக அனுமதித்துவிட்டு மக்கள் வந்துவிட்டால், வாடகை ஏறி, ஏழைக் குடும்பங்கள் ஒரே வீட்டில் நெருக்கியடித்துப் படுக்கின்றன. குழாயைப் பொறுத்தவரை இரண்டு பக்கப் பிழைக்கும் செலவு உண்டு. அனுமதியைப் பொறுத்தவரை ஒரு பக்கப் பிழை மட்டுமே கொடியது. இந்த வேறுபாட்டைத் திட்டம் எழுதும் பலர் கவனிப்பதில்லை.

அடுத்த கணக்கு இதைவிட நுட்பமானது. ஒரு திட்டம் எத்தனை வீடுகளுக்கு இடம் தருகிறது? வரைபடத்தை எடுத்து, எல்லா மனையையும் விதி அனுமதிக்கும் உச்சம் வரை கட்டினால் எத்தனை வீடு வரும் என்று கூட்டிவிடலாம். அது காகிதக் கொள்ளளவு. ஆனால் ஒரு மனையில் மூன்று மாடிக்கு அனுமதி இருப்பதாலேயே யாரும் மூன்று மாடி கட்டிவிட மாட்டார்கள். நிலத்தின் விலை, இருக்கிற வீட்டை இடிக்கும் செலவு, கட்டுமானச் செலவு, குடிநீர், கழிவுநீர் இணைப்புக் கட்டணம், கடனுக்கு வட்டி எல்லாம் போக, அந்தப் பகுதியில் வீடு போகும் விலையில் கட்டுபவருக்கு ஒரு லாபம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் அந்த அனுமதி காகிதத்தோடு சரி.

2013 செப்டம்பரில் மன்றம் முறைப்படி வெளியிட்ட ஒருங்கிணைந்த திட்டத்தின் வரைவை, இந்த லாபக் கணக்கை மனைமனையாகப் போட்டுப் பார்க்கும் ஒரு கணினி மாதிரியால் பின்னர் சோதித்தார்கள். வந்த விடை ஏறத்தாழ 2,13,000 வீடுகள். தேவை நான்கு லட்சம். அதாவது நகரத்தின் சொந்த இலக்கில் பாதிக்குச் சற்றே கூடுதலாகத்தான் அதன் சொந்த விதிகள் இடம் கொடுத்திருந்தன. இலக்கும் விதியும் ஒன்றோடொன்று பேசாமல் இரண்டு தனி ஆவணங்களாக இருந்தது அந்த ஒரு எண்ணில் அம்பலமானது. உலகின் எத்தனையோ நகரங்களில் இந்த எண் யாராலும் கணக்கிடப்படாமலே கிடக்கிறது.

விதி எப்படி வீட்டைத் தின்கிறது என்பதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். மூன்று மாடி வரை அனுமதிக்கும் குடியிருப்பு மண்டலம் ஒன்றை எடுத்துக்கொள்வோம். உயர வரம்பு 11 மீட்டர், கூரைக்கு இன்னும் ஒரு மீட்டர். மனையில் 45 சதவீதம் வரை கட்டடம் மூடலாம். இரண்டும் தாராளமாகவே தெரிகின்றன. மூன்றாவதாக ஒரு விதி இருக்கிறது: பக்கத்து மனையின் எல்லையில் தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்தில் ஒரு புள்ளி வைத்து, அங்கிருந்து உங்கள் மனைக்குள்ளாக 45 பாகை சாய்வில் ஒரு கோடு இழுக்க வேண்டும். கட்டடத்தின் எந்தப் பகுதியும் அந்தக் கோட்டுக்கு மேலே தலைநீட்டக் கூடாது. பக்கத்து வீட்டுக்கு வெயிலும் வெளிச்சமும் கிடைக்கட்டும் என்ற நியாயமான நோக்கம்.

45 பாகை என்றால் எல்லையிலிருந்து ஒரு மீட்டர் விலகினால் ஒரு மீட்டர் உயரலாம். 11 மீட்டரைத் தொட எல்லையிலிருந்து 8 மீட்டர் விலக வேண்டும். மனையின் அகலம் 20 மீட்டர் என்று வையுங்கள். இடப்பக்கம் 8, வலப்பக்கம் 8 போனால், முழு உயரத்துக்கு எஞ்சுவது நடுவே 4 மீட்டர். அந்த அகலத்தில் ஒரு மாடிப்படி வைத்தால் அறைக்கு இடம் கொஞ்சம்தான். ஆக, மூன்று மாடி அனுமதித்த மண்டலத்தில், குறுகிய மனையில், மூன்றாவது மாடி தானாகவே காணாமல் போகிறது. தெருவை ஒட்டிய பகுதிக்குத் தளர்வான மாற்று விதி ஒன்று உண்டு; ஆனால் மனையின் பின்பாதிக்கு இந்தக் கணக்குத்தான். 2021 டிசம்பரில் நாடாளுமன்றம் கொண்டுவந்த ஒரு சட்டம் அந்தப் புள்ளியை 4 மீட்டருக்கு உயர்த்தி, சாய்வை 60 பாகையாக்கச் சொன்னது. அப்போது 11 மீட்டரைத் தொட 4 மீட்டர் விலகினால் போதும். அதே 20 மீட்டர் மனையில் 12 மீட்டர் அகலம் எஞ்சும். ஒரு கோணத்தை மாற்றியதில் கட்டக்கூடிய அகலம் மும்மடங்காகிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு விழும் நிழலும் அதற்கேற்ப நீள்கிறது. திட்டமிடல் என்று பெரிய சொல்லால் அழைக்கப்படுவது கடைசியில் இத்தகைய எண்களில்தான் வாழ்கிறது. அவற்றைப் படிக்கத் தெரிந்தவர்கள் சிலரே என்பதால், நகரத்தின் போக்கை அந்தச் சிலரே தீர்மானித்துவிடுகிறார்கள்.

வரைவுக்கு ஒன்பதாயிரத்துக்கு மேற்பட்ட மனுக்கள் வந்தன. அவற்றைக் கேட்டுப் பரிந்துரை தர, சுற்றுச்சூழல் நீதிமன்ற நீதிபதி டேவிட் கர்க்பாட்ரிக் தலைமையில் தனி விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. 2014 முதல் 2016 வரை அது அமர்ந்தது. வீட்டுக்காரர் சங்கங்கள், கட்டுநர்கள், போக்குவரத்துப் பொறியாளர்கள், பூர்வகுடிகளான மாவோரி மக்களின் பிரதிநிதிகள், அரசின் வீட்டு வசதி அமைப்பு என ஒவ்வொருவரும் தத்தம் சான்றுகளோடு வந்தார்கள். சான்று என்றால் வெறும் கருத்தல்ல. நிபுணர்கள் ஒருவரையொருவர் சந்தித்து, எந்த எண்ணில் ஒத்துப்போகிறோம், எதில் மாறுபடுகிறோம் என்று கூட்டாக எழுதித் தந்தார்கள். மேலே சொன்ன கொள்ளளவு மாதிரியும் அப்படிப் பலர் கைபட்டுச் செப்பமானதுதான்.

நடுவில் மன்றமே தடுமாறியது. சில புறநகர்களில் இன்னும் அடர்த்தியாகக் கட்ட அனுமதிக்கும் புதிய வரைபடங்களை அதன் அதிகாரிகள் சான்றாக விசாரணைக் குழுவின் முன் வைத்தபோது, அந்த மனைகளின் உரிமையாளர்கள் கொதித்தெழுந்தார்கள். தங்கள் தெருவைப் பற்றி யாரும் மனுவே கொடுக்காதபோது, மறுப்புச் சொல்ல வாய்ப்பே தராமல் மண்டலத்தை மாற்றுவது எப்படி நியாயம் என்று கேட்டார்கள். நடைமுறை குறித்த அந்தக் கேள்வி சரியானது. 2016 பிப்ரவரியில் கூடிய சிறப்புக் கூட்டத்தில் உறுப்பினர்கள் வாக்களித்து அந்தச் சான்றுகளை விலக்கிக்கொண்டார்கள். அதே கூட்டத்தில் இளைஞர் ஆலோசனைக் குழுவின் சார்பில் பேச வந்தவரை அவையில் இருந்தவர்கள் கூச்சலிட்டு இடைமறித்தார்கள். சொந்த வீட்டில் நாற்பது ஆண்டு இருந்தவர்களுக்கும், சொந்த வீடு கனவாகவே போய்விடுமோ என்று அஞ்சியவர்களுக்கும் நடுவே இருந்த பிளவு அன்று கண்முன் நின்றது. திட்டத்தின் பலனை அனுபவிக்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் இன்னும் அந்த ஊருக்கு வரவேயில்லை, பலர் பிறக்கவேயில்லை. அவர்களுக்கு அவையில் நாற்காலி கிடையாது. இதற்கு எந்த மக்களாட்சியும் இன்னும் நல்ல விடை கண்டுபிடிக்கவில்லை. ஆக்லாந்தில் அந்த இடத்தை ஓரளவு நிரப்பியது கொள்ளளவு மாதிரி தந்த எண்தான்.

2016 ஜூலையில் குழு பரிந்துரை தந்தது. லாபக் கணக்கில் தேறும் கொள்ளளவு 4,22,000 வீடுகள். அதில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஏற்கெனவே உள்ள நகரப் பரப்புக்குள். மன்றம் சில திருத்தங்களோடு அதை ஆகஸ்டில் ஏற்றது. நவம்பரில் பெரும்பகுதி நடைமுறைக்கு வந்தது. குடியிருப்பு நிலத்தில் ஏறத்தாழ முக்கால் பங்குக்கு முன்னைவிடக் கூடுதல் வீடுகள் கட்ட அனுமதி கிடைத்தது.

பிறகு என்ன ஆயிற்று? 2016இல் ஆண்டுக்குப் பத்தாயிரம் வாக்கில் இருந்த வீட்டு அனுமதிகள் 2022இல் இருபத்தோராயிரத்தைத் தாண்டின. கூடியவற்றில் பெரும்பாலானவை சுவரைப் பகிர்ந்துகொள்ளும் வரிசை வீடுகள். ஆனால் எண் கூடியதற்குத் திட்டம்தான் காரணமா? வட்டி வீதம் அப்போது குறைந்திருந்தது, வீட்டு விலை ஏறிக்கொண்டிருந்தது; திட்டமே இல்லாவிட்டாலும் கட்டியிருப்பார்களோ? ஆக்லாந்துப் பல்கலைக்கழகப் பொருளியலாளர் ரயன் கிரீனவே-மெக்ரீவியும் அவருடைய சக ஆய்வாளரும் இதை ஆராய்ந்தார்கள். மண்டலம் மாறிய பகுதிகளையும் மாறாத பகுதிகளையும் அருகருகே வைத்து ஒப்பிட்டார்கள். இதில் ஒரு பொறி உண்டு: மாறாத பகுதியில் கட்டவிருந்தவர் மாறிய பகுதிக்குத் தாவியிருந்தால், மொத்தத்தில் ஒரு வீடும் கூடாமலே ஒப்பீடு பெரிய வெற்றியைக் காட்டும். அந்தத் தாவலுக்கும் இடம் விட்டுக் கணக்கிட்ட பிறகு, ஐந்து ஆண்டில் ஏறத்தாழ 21,800 வீட்டு அனுமதிகள் சீர்திருத்தத்தால் கூடியவை என்ற முடிவுக்கு வந்தார்கள். நகரத்தில் அன்றிருந்த வீடுகளில் அது நான்கு சதவீதம் போல. வாடகையைப் பற்றிய இன்னொரு ஆய்வில், நாட்டின் பிற நகரங்களின் போக்கைத் தக்க விகிதத்தில் கலந்து, சீர்திருத்தம் நடக்காத ஒரு கற்பனை ஆக்லாந்தைச் செய்து ஒப்பிட்டார் கிரீனவே-மெக்ரீவி. மூன்று படுக்கையறை வீட்டு வாடகை அந்தக் கற்பனை நகரத்தைவிடக் கால் பங்குக்கு மேல் குறைவாக இருந்தது. ஆஸ்திரேலியாவின் கேமரூன் மரி போன்ற சில பொருளியலாளர்கள் இதை ஏற்கவில்லை. கட்டுமானம் சீர்திருத்தத்துக்கு முன்பே ஏறத் தொடங்கிவிட்டது, எந்தப் போக்கை அடிப்படையாகக் கொள்கிறோம் என்பதைப் பொறுத்தே விடை மாறும் என்கிறார்கள். அந்த ஆட்சேபத்தில் வலு உண்டு. ஆனாலும் எதுவும் மாறவில்லை என்று சொல்வதற்கு அந்த வரிசை வீடுகள் இடம் தரவில்லை.

நகர எல்லையைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பழைய வட்டார மன்றம் நகரம் பரவாமலிருக்க ஒரு கோடு போட்டிருந்தது. ஆர்தர் கிரைம்ஸ், யுன் லியாங் இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில், கோட்டுக்கு உட்புறம் ஒட்டிய நிலம் வெளிப்புறம் ஒட்டிய நிலத்தைவிட ஏறத்தாழப் பத்து மடங்கு விலை போனதைக் கண்டார்கள். மண் ஒன்று, தண்ணீர் ஒன்று, நடுவே வேலிகூட இல்லை. வரைபடத்தில் போட்ட கோடு ஒருவரைச் செல்வந்தராக்கி இன்னொருவரை அப்படியே விட்டுவிடுகிறது. இதைக் காட்டிக் கோட்டையே எடுத்துவிடு என்பது ஒரு வாதம். எடுத்தால் குழாயும் சாலையும் பள்ளிக்கூடமும் எல்லாத் திசையிலும் ஓட வேண்டும். அந்தச் செலவு விலையில் தெரியாமல் வரியில் தெரியும். ஆக்லாந்து கோட்டை எடுக்கவில்லை, தள்ளிப் போட்டது. வெளியே எதிர்கால நகர்ப்புற நிலம் என்று சிலவற்றை முன்கூட்டியே குறித்து, எது எந்தப் பத்தாண்டில் திறக்கும் என்று வரிசை வைத்தது.

இந்த வரிசையைக் குலைத்தது மழை. 2023 ஜனவரி 27, வெள்ளிக்கிழமை. ஆக்லாந்து விமான நிலையத்தில் 24 மணி நேரத்தில் 245 மில்லிமீட்டர் பெய்தது. நான்கு பேர் இறந்தார்கள். இந்திய, இலங்கை மளிகைக் கடைகளுக்குப் பேர்போன சான்ட்ரிங்ஹாம், அதை அடுத்த மவுண்ட் ராஸ்கில் உட்படப் பல பகுதிகளில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தது. பின்னர் உயிருக்கு ஆபத்தான இடங்களில் இருந்த சுமார் 1,200 வீடுகளை அரசும் மன்றமும் சேர்ந்து விலைக்கு வாங்கிக்கொள்ள நேர்ந்தது.

அன்று தப்பிய ஓர் இடத்தையும் பார்க்க வேண்டும். வடக்குக் கரையில் நார்த்கோட் என்ற பகுதியைப் பழைய அரசுக் குடியிருப்புகளை இடித்து அடர்த்தியாக மறுகட்டுமானம் செய்துகொண்டிருந்தார்கள். வீடுகள் கூடினால் கூரையும் தாரும் கூடும். மழைநீர் மண்ணில் இறங்காமல் ஓடும். ஆகவே வீடு கட்டுமுன் கிரீன்ஸ்லேட் விளையாட்டுத் திடலைத் தோண்டித் தாழ்த்தினார்கள். மற்ற நாளில் பிள்ளைகள் அதில் பந்தாடுவார்கள். பெருமழையில் அதுவே ஏரி. அன்றிரவு அது ஏறத்தாழ 1.2 கோடி லிட்டர் தண்ணீரைத் தாங்கிப் பிடித்தது. கீழே இருந்த கடைவீதி பெரும் வெள்ளத்திலிருந்து தப்பியது. அடர்த்திதான் வெள்ளத்துக்குக் காரணம் என்று பொதுவாகப் பேசுகிறவர்கள் இந்தத் திடலைக் கணக்கில் எடுக்க வேண்டும். தண்ணீருக்கான இடத்தை முதலில் ஒதுக்கிவிட்டு எஞ்சியதில் வீட்டை அடுக்கியதால் இது நடந்தது. இந்த வரிசையை மாற்றினால் எந்தத் திட்டமும் நிற்காது என்பது என் உறுதியான கருத்து.

2023 நவம்பரில் ஏற்ற புதிய வளர்ச்சி உத்தி, வெள்ளம் சூழும் விளிம்பு நிலங்கள் சிலவற்றை எதிர்காலப் பட்டியலிலிருந்து எடுத்தது. பலவற்றைப் பல ஆண்டு தள்ளிப்போட்டது. குழாயும் தன் பங்குக்குக் குறுக்கே நின்றது. நகரின் உட்பகுதிகள் சிலவற்றில் மழைநீரும் கழிவுநீரும் ஒரே பழைய குழாயில் ஓடுவதால், மழை பெய்தாலே துறைமுகத்தில் சாக்கடை கலந்தது. அதைத் தீர்க்க 16.2 கிலோமீட்டர் நீளமும் 4.5 மீட்டர் விட்டமும் கொண்ட நிலத்தடிச் சுரங்கம் வெட்ட 2019இல் தொடங்கினார்கள். துளையிடும் வேலை 2025இல் முடிந்தது. வடக்கே ஹைபிஸ்கஸ் கடற்கரைப் பகுதியிலோ, சுத்திகரிப்பு நிலையம் நிறைந்துவிட்டதால் புதிய இணைப்புகளுக்கே தடை வந்தது. விதி அனுமதித்தும் லாபக் கணக்கு தேறியும், குழாய் இல்லாமல் வீடு இல்லை. கொள்ளளவுக் கணக்குக்கு இப்படி மூன்றாவது ஓர் அடுக்கும் உண்டு.

இப்போது மன்றம் திட்டத்தை மீண்டும் திறந்திருக்கிறது. 2025 நவம்பரில் வெளியிட்ட திருத்தம், வெள்ள அபாயம் மிகுந்த இடங்களில் கட்டுவதைக் கடினமாக்குகிறது. அதற்கு ஈடாக ரயில் நிலையங்களைச் சுற்றி உயரத்தைக் கூட்டுகிறது. நகர மையத்துக்கு அடியில் 3.45 கிலோமீட்டர் நீளத்துக்கு வெட்டியிருக்கும் இரட்டைச் சுரங்க ரயில் பாதையால் அதிகப் பயன் பெறும் மவுங்காஃபாவ், கிங்ஸ்லேண்ட், மார்னிங்சைட் நிலையங்களிலிருந்து நடந்து போகும் தொலைவில் பதினைந்து மாடி வரை, மவுண்ட் ஆல்பர்ட், பால்ட்வின் அவென்யூ அருகே பத்து மாடி வரை அனுமதிக்க வேண்டும் என்று சட்டமே சொல்லிவிட்டது. கால் ஏக்கர் மனைகளின் காலத்து மரவீடுகள் வரிசையாக நிற்கும் தெருக்கள் இவை. மனுக்கள் மறுபடி குவிந்தன. தனி விசாரணைக் குழுவின் முன் வெயில், நிழல், வெள்ள மட்டம், வாடகை எல்லாவற்றையும் எண்களாக வைத்து அந்த ஊர் மக்கள் மறுபடி வாதாட வேண்டியிருக்கிறது.